விண்மீன் இல்லாத ஹாலோக்கள்: காமா கதிரில் ஒரு கரும்பொருள் தேடல்

ஃபெர்மி விண்தொலைநோக்கி 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்டது. அன்றிலிருந்து அது காமா கதிரில் வானத்தைத் துழாவி வருகிறது. அந்தத் தரவிலிருந்து தயாரான மூலங்களின் அட்டவணையில் இப்போது ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. சுமார் பாதி, தொலைதூர கேலக்ஸிகளின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளைகள் நம்மை நோக்கிப் பீய்ச்சும் தாரைகள். பிளேசார் என்பது அவற்றின் பெயர். மிச்சத்தில் பல்சர்களும் (சுழன்றபடி துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும், இறுகிச் சுருங்கிய விண்மீன் கருக்கள்) வெடித்த விண்மீன்களின் எச்சங்களும் வருகின்றன. ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு நேரே இன்ன பொருள் என்று எதுவும் குறிக்கப்படவில்லை. அந்தத் திசையிலிருந்து காமா கதிர் வருவது உறுதி. எது அனுப்புகிறது என்றுதான் தெரியாது.

இந்த அடையாளம் தெரியாத கூட்டத்தில் ஒன்றிரண்டு, விண்மீன் ஒன்றுகூட இல்லாத கரும்பொருள் திரள்களாக இருக்கலாம் என்று கருதச் சரியான காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்கள் எவை, அப்படி ஒரு திரளை எப்படி அடையாளம் காண்பது, இதுவரை ஏன் யாரும் 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று சொல்லவில்லை என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எவ்வளவு என்று தெரியும், என்ன என்று தெரியாது

1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கேலக்ஸிக் கூட்டத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள கேலக்ஸிகள் ஓடும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் கூட்டம் எப்போதோ கலைந்திருக்க வேண்டும். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் சுழற்சியை அளந்தபோது, விளிம்புப் பகுதியிலும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. பிற்பாடு பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சைத் துல்லியமாக அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்குப்படி, பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒளியை உமிழாத, உறிஞ்சாத கரும்பொருள்.

இந்தச் சான்றுகள் எல்லாமே ஈர்ப்பு வழியாக வந்தவை. ஈர்ப்பு எடையைச் சொல்லுமே தவிர அந்த எடை எதனால் ஆனது என்று சொல்லாது. கரும்பொருள் புதுவகைத் துகள் என்றால், ஈர்ப்பைத் தவிர வேறு ஏதாவது ஒரு வழியில் அது தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். காமா கதிர்த் தேடல் அப்படி ஒரு வழியை நம்பி இறங்கும் முயற்சி.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை 'விம்ப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் துகள் கருதுகோள். கனமானது, மிக பலவீனமாக மட்டுமே மற்றவற்றோடு உறவாடுவது என்பது அதன் இலக்கணம். இதன் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்றால், பிரபஞ்சத்தின் தொடக்கத்தில். அப்போது இந்தத் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இரண்டு மோதினால் இரண்டும் அழிந்து சாதாரணத் துகள்களாக மாறின. பிரபஞ்சம் விரிய விரிய, ஒன்றையொன்று சந்திப்பது அரிதாகி, ஒரு கட்டத்தில் அழிவு கிட்டத்தட்ட நின்றுபோனது. மிஞ்சியதுதான் இன்றைய கரும்பொருள். அழியும் வேகம் அதிகமாக இருந்திருந்தால் மிச்சம் குறைவாக இருக்கும். வேகம் குறைவாக இருந்திருந்தால் மிச்சம் அதிகம். இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும் என்பதால், அழியும் வேகத்தைத் திரும்பக் கணக்கிட முடிகிறது: விநாடிக்கு 2 முதல் 3 × 10⁻²⁶ கன சென்டிமீட்டர். இந்த எண் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் துறையில் எல்லோரும் குறிவைப்பது இதைத்தான். ஒரு கருவி இந்த அளவு நுட்பத்தை எட்டிவிட்டது என்றால் அது விம்ப் கருதுகோளை நேரடியாகச் சோதிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கரும்பொருள், விம்ப்பைவிட மிக மிக இலேசானதாகக் கருதப்படும் ஆக்ஸியான் என்ற துகள் போன்ற வேறு ஏதாவதாக இருந்தால் இந்தத் தேடல் முழுக்க வீண்தான். அதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அடர்த்தியின் இருமடி

துகள்களின் நிறையையும் ஆற்றலையும் இயற்பியலாளர்கள் ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள். சுருக்கமாக ஜிஇவி என்று வைத்துக்கொள்வோம். ஒரு புரோட்டான் ஏறக்குறைய 1 ஜிஇவி. ஒரு வெள்ளி அணு ஏறக்குறைய 100 ஜிஇவி. விம்ப் ஒன்றின் நிறை 100 ஜிஇவி என்று எடுத்துக்கொண்டால், சூரியன் இருக்கும் பகுதியில் ஒரு லிட்டர் இடத்தில் சுமார் மூன்று கரும்பொருள் துகள்கள் இருக்கும். மூன்றே மூன்று.

இந்த நெருக்கத்தில் ஒரு துகள் இன்னொன்றைச் சந்தித்து அழிய எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? மேலே சொன்ன வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் 3 × 10²⁰ ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான். அதைப்போல இரண்டாயிரம் கோடி மடங்குக்கும் அதிகமான காத்திருப்பு இது. ஆக, நம் பக்கத்தில் கரும்பொருள் அழிவதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பது நடக்காத காரியம். நிறையத் துகள்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடங்களைத்தான் தேட வேண்டும்.

அழிவதற்கு இரண்டு துகள் தேவை என்பதால் நெருக்கம் இங்கே இரட்டிப்பாக வேலை செய்கிறது. ஓர் அறையில் பத்துப் பேர் இருந்து எல்லோரும் எல்லோரோடும் கைகுலுக்கினால் 45 கைகுலுக்கல்கள். அதே அறையில் இருபது பேர் என்றால் 190. ஆட்கள் இரண்டு மடங்கு, கைகுலுக்கல் நான்கு மடங்குக்கும் சற்று மேல். கரும்பொருளுக்கும் இதே கணக்குதான்: அழிவு அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. பரவிக் கிடக்கும் ஒரு குறிப்பிட்ட எடைக் கரும்பொருளை ஆயிரத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடக்கினால், பொருளின் அளவு அதேதான், ஆனால் அதிலிருந்து வரும் காமா கதிர் ஆயிரம் மடங்கு கூடிவிடும்.

இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். கரும்பொருள் எங்கே கட்டிதட்டியிருக்கிறது என்பதே கேள்வி.

பெரியதற்குள் சிறியது

பால்வீதி என்று நாம் பார்க்கும் விண்மீன் தட்டு, அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு கரும்பொருள் உருண்டைக்குள் அமர்ந்திருக்கிறது. அந்த உருண்டைக்கு ஹாலோ என்று பெயர். அதன் நிறை சுமார் ஒரு லட்சம் கோடி சூரியன்கள். ஒரே மூச்சில் உருவானது அல்ல இது. கரும்பொருள் முதலில் சின்னச் சின்னத் திரள்களாகத்தான் குவிந்தது. சின்னவை சேர்ந்து பெரியவை ஆயின, பெரியவை இன்னும் சின்னவற்றை விழுங்கின. விழுங்கப்பட்டவை எல்லாமே கரைந்துவிடவில்லை. அவற்றின் இறுக்கமான நடுப்பகுதிகள் பெரிய ஹாலோவுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இவைதான் துணை ஹாலோக்கள்.

2008இல் வெளியான வியா லாக்டியா 2, அக்வேரியஸ் ஆகிய இரண்டு கணினி சிமுலேஷன்களும் இதை விரிவாகக் காட்டின. பால்வீதி போன்ற ஒரு ஹாலோவை நூறு கோடிக்கும் மேற்பட்ட கணக்கீட்டுத் துகள்களால் உருவாக்கி, பிரபஞ்ச வரலாறு முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அக்வேரியஸின் மிக நுட்பமான ஓட்டத்தில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் துணை ஹாலோக்கள் தென்பட்டன. சிறியவற்றின் பக்கம் போகப் போக எண்ணிக்கை எகிறுகிறது: நிறை பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது எண்ணிக்கை ஏறக்குறைய எட்டு மடங்கு கூடுகிறது.

சிமுலேஷன் காட்டும் சின்னத் துணை ஹாலோ எது என்பது கணினியின் திறனைப் பொறுத்தது. இயற்கையில் எவ்வளவு சிறியது வரை இருக்கும் என்பது வேறு கேள்வி. அதை விம்ப்பின் தன்மைதான் தீர்மானிக்கும். 2005இல் ஜூர்க் டீமாண்ட், பென் மூர், யோஆகிம் ஸ்டாடெல் மூவரும் வெளியிட்ட கணக்கின்படி, முதன்முதலில் உருவான திரள்கள் பூமியின் நிறையும் சூரியக் குடும்பத்தின் அகலமும் கொண்டவை. அவற்றில் பத்து கோடி கோடிக்கு மேல் நம் ஹாலோவில் இன்னும் பிழைத்திருக்கலாம் என்றும், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றில் ஒன்று சூரியக் குடும்பத்தின் ஊடே கடந்துபோகலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள். எல்லா மாதிரிகளும் இதே எண்ணைத் தருவதில்லை. விம்ப்பின் இயல்பை மாற்றினால் அடிமட்ட நிறையும் பல படிகள் ஏறி இறங்கும்.

பெரிய துணை ஹாலோக்கள் நமக்கு ஏற்கெனவே அறிமுகமானவை. டிராகோ, செக்யூ 1 போன்ற குள்ள கேலக்ஸிகள் அவற்றுக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவு ஈர்ப்பு இருந்ததால் அவற்றில் விண்மீன்கள் பிறந்தன. சின்னவற்றுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆரம்பகால விண்மீன்களின் புறஊதாக் கதிர் எங்கும் பரவி வாயுவைச் சூடாக்கியபோது, ஈர்ப்பு போதாத ஹாலோக்களிலிருந்து வாயு வெளியேறிவிட்டது; வந்து சேர வேண்டியதும் வந்து சேரவில்லை. ஏறக்குறைய பத்து கோடி சூரிய நிறைக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் விண்மீன் ஒன்றுகூட இல்லாமல் இருண்டு கிடக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

குள்ள கேலக்ஸிகளில் தேடுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. எங்கே இருக்கின்றன என்று தெரியும். உள்ளே இருக்கும் விண்மீன்களின் வேகத்தை அளந்து எவ்வளவு கரும்பொருள் இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். இருண்ட துணை ஹாலோவில் இரண்டுமே கிடையாது. திசை, தூரம், நிறை என எதுவும் தெரியாமல் வானம் முழுக்கத் துழாவ வேண்டும். அப்படியிருந்தும் ஏன் மெனக்கெட வேண்டும் என்றால், எண்ணிக்கை காரணமாக. லட்சக்கணக்கில் இருக்கும்போது சில நமக்கு மிக அருகில் இருந்தே தீரும். பத்து மடங்கு அருகில் இருந்தால் பிரகாசம் நூறு மடங்கு. அருகிலுள்ள ஒரு சின்னத் திரள், தொலைவிலுள்ள குள்ள கேலக்ஸியோடு போட்டிபோட முடியும்.

அழிந்தால் என்ன வெளிவரும்?

இரண்டு விம்ப்கள் மோதி அழிந்தால், அவற்றின் முழு நிறையும் ஆற்றலாகிச் சாதாரணத் துகள்களாக வெளிவருகிறது. அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பாதை இது: முதலில் பாட்டம் குவார்க் என்ற கனமான அடிப்படைத் துகளும் அதன் எதிர்த்துகளும் பிறக்கின்றன. குவார்க்குகள் தனியே உலவ முடியாது. உடனே பையான் போன்ற துகள்களின் மழையாக மாறுகின்றன. மின்னூட்டம் இல்லாத பையான் ஒவ்வொன்றும் இமைக்கும் நேரத்தைவிட எத்தனையோ மடங்கு விரைவில் இரண்டு காமா ஃபோட்டான்களாக, அதாவது காமா ஒளித்துகள்களாக, உடைகிறது. இப்படி ஒரு மோதலில் பல ஃபோட்டான்கள் கிடைக்கின்றன.

அவற்றின் ஆற்றல் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துணை ஹாலோவில் விம்ப்கள் ஒளியோடு ஒப்பிட்டால் மிக மெதுவாக அலைகின்றன. அதனால் எந்த ஃபோட்டானும் ஒரு விம்ப்பின் நிறையைத் தாண்டிய ஆற்றலோடு வர முடியாது. 50 ஜிஇவி நிறை என்றால் 50 ஜிஇவிக்கு மேல் ஒரு ஃபோட்டானும் கிடையாது. ஆற்றலின் பெரும்பகுதி 2 ஜிஇவியை ஒட்டி ஒரு மேடாகக் குவிந்து, பிறகு இறங்கி, வரம்பில் முடிந்துவிடும். பிளேசார் போன்றவற்றின் நிறமாலை இப்படி இருப்பதில்லை. அது பொதுவாகப் பரந்த ஆற்றல் வீச்சில் ஏறக்குறைய நேர்கோட்டுச் சரிவாக நீண்டுபோகும்.

இன்னொன்று. இந்த மேட்டின் வடிவம் துகளைப் பொறுத்தது, திரளைப் பொறுத்தது அல்ல. வானத்தில் எந்த மூலையிலுள்ள துணை ஹாலோவாக இருந்தாலும் வடிவம் ஒன்றாகவே இருக்க வேண்டும். பிரகாசம் மட்டும்தான் மாறும்.

ஒரு ஃபோட்டானைப் பிடிப்பது

காமா கதிரைக் கண்ணாடியால் குவிக்க முடியாது. வளிமண்டலமும் அதைத் தரைக்கு விடாது. ஃபெர்மியின் பிரதான கருவி ஃபோட்டானை உடைத்துத்தான் பார்க்கிறது. நான்குக்கு நான்காக அடுக்கிய பதினாறு கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் டங்ஸ்டன் தகடும் சிலிக்கான் உணரிப் பட்டைகளும் மாறி மாறி. உள்ளே நுழையும் ஃபோட்டான் ஏதோ ஒரு டங்ஸ்டன் தகட்டில் மோதி எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானுமாகப் பிரிகிறது. இரண்டும் அடுத்தடுத்த சிலிக்கான் அடுக்குகளில் தடம் பதித்துக்கொண்டு கீழே இறங்குகின்றன. தலைகீழான 'வி' வடிவத்தில் இரண்டு கோடுகள். அந்தக் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் ஃபோட்டான் வந்த திசை தெரிகிறது. அடியில் சீசியம் அயோடைடு படிகங்கள் மிச்ச ஆற்றலை உறிஞ்சி அளக்கின்றன. கோபுரங்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஓடுகள் போர்த்தியிருக்கின்றன. விண்வெளியில் பாய்ந்து வரும் மின்னூட்டமுள்ள துகளான காஸ்மிக் கதிர் நுழைந்தால் அந்த ஓடுகள் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். காமா ஃபோட்டான் சத்தமில்லாமல் கடந்துபோகும். காமாவைவிட காஸ்மிக் கதிர்கள் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் என்பதால் இந்தக் காவல் இல்லாமல் எதுவுமே நடக்காது.

அட்டவணையின் மங்கலான மூலங்கள் எவ்வளவு மங்கல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவற்றிலிருந்து 1 ஜிஇவிக்கு மேற்பட்ட ஃபோட்டான் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்றே ஒன்று விழ 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஃபெர்மியின் பயன்படும் பரப்பு சுமார் 8,000 சதுர சென்டிமீட்டர், ஒரு சமயத்தில் அது பார்ப்பது வானத்தின் ஐந்தில் ஒரு பகுதி. இரண்டையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஐந்து ஃபோட்டான்போலக் கிடைக்கும். பத்து ஆண்டு பொறுத்திருந்தால் ஐம்பது. இந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டுதான் நிறமாலையின் வடிவம், மேடு, வரம்பு என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

கழித்துக் கழித்துக் கட்டுவது

தேடலின் நடைமுறை முழுக்க முழுக்கக் கழித்தல்தான். அடையாளம் தெரியாத மூலங்களை எடுத்துக்கொண்டு, கரும்பொருளாக இருக்க வாய்ப்பில்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குகிறார்கள்.

பால்வீதியின் தட்டை ஒட்டியவை முதலில் போகும். அங்கே வாயுவும் காஸ்மிக் கதிரும் மோதி எழுப்பும் காமா வெளிச்சத்தில் எதையும் பிரித்தறிவது கடினம், பல்சர்களும் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. பிரகாசம் கூடிக் குறைபவை அடுத்து: பிளேசார் சில நாட்களிலேயே பல மடங்கு மாறும், துணை ஹாலோவோ மனித வாழ்நாள் அளவில் அசையாது. பிறகு மற்ற அலைநீளங்கள். அதே திசையில் ரேடியோவிலோ எக்ஸ்-கதிரிலோ கண்ணுறு ஒளியிலோ பொருத்தமான பொருள் ஏதாவது தென்பட்டால் கதை முடிந்தது. இதற்காகவே ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஃபெர்மியின் அடையாளம் தெரியாத மூலங்களை எக்ஸ்-கதிரில் வரிசையாகப் பார்த்து வருகிறது. பொதுவாக வானியலில் ஒரு பொருளைப் பல வகை ஒளியில் பார்ப்பதுதான் பெருமை. இங்கே எதிர்மாறாக, காமாவைத் தவிர வேறு எதிலும் தெரியாமல் இருப்பதுதான் தகுதி.

இப்படி ஆயிரத்துச் சொச்சம் மூலங்களில் தொடங்கிய ஆய்வுகள் சில டஜன் மூலங்களில் வந்து நிற்கின்றன. அந்தச் சில டஜனும் கரும்பொருள் என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் கழிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கடைசிவரை கழியாமல் முரண்டுபிடிப்பது பல்சர். அதிலும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் மில்லிவிநாடி பல்சர்கள். இவற்றின் காமா நிறமாலையும் சில ஜிஇவியில் மேடுகட்டி, அதற்கு மேல் சடாரென்று விழுந்துவிடும். 40, 50 ஜிஇவி விம்ப் அழிந்தால் வரவேண்டிய வடிவத்தோடு இது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. பிரகாசமும் நிலையானது. வயதானவை என்பதால் தட்டிலிருந்து விலகி உயரத்திலும் திரிகின்றன. ரேடியோத் துடிப்பைக் கேட்டால் பல்சர் என்று உறுதியாகிவிடும். ஆனால் ரேடியோக் கற்றை நம் பக்கம் திரும்பாவிட்டால் கேட்காது. ஐம்பது ஃபோட்டான்களை வைத்துக் காமாவிலேயே துடிப்பைத் தேடுவதும் ஏறக்குறைய இயலாத வேலை. 2023இல் வெளிவந்த ஃபெர்மி பல்சர் அட்டவணையில் காமா பல்சர்கள் முந்நூறை நெருங்கின. அவற்றில் கணிசமானவை முன்பு இதே 'அடையாளம் தெரியாத' பட்டியலில் கிடந்தவை. கரும்பொருள் வேட்டையின் பக்கவிளைவாகப் பல்சர் வேட்டை செழித்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

பால்வீதியின் மையத்திலும் இதே இழுபறிதான். 2009இல் லிசா குடெனஃபும் டான் ஹூப்பரும் சுட்டிக்காட்டிய, சில ஜிஇவியில் உச்சம் தொடும் உபரிக் காமா கதிருக்குக் கரும்பொருள் காரணமா, மங்கலான மில்லிவிநாடி பல்சர் கூட்டம் காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பல்சரையும் துணை ஹாலோவையும் பிரிக்க ஒரு வழி மிச்சமிருக்கிறது: அகலம். பல்சர் ஒரு நகரத்தின் அளவுதான். எவ்வளவு அருகில் இருந்தாலும் புள்ளிதான். அருகிலுள்ள துணை ஹாலோ வானத்தில் கொஞ்சம் பரந்து தெரிய வேண்டும். 3எஃப்ஜிஎல் ஜே2212.5+0703 என்ற மூலம் 2016இல் பேசுபொருளானது இதனால்தான். பெயரிலேயே திசை இருக்கிறது: வானத்தின் நெட்டாங்கில் 22 மணி 12.5 நிமிடம், அகலாங்கில் வடக்கே 7 பாகை 3 கலை. பெகாசஸ் விண்மீன் குழு. பிரிட்ஜெட் பெர்டோனி, ஹூப்பர், டிம் லிண்டன் மூவரும் தரவை ஆராய்ந்தபோது, இது புள்ளியாக இல்லாமல் சுமார் கால் பாகை பரந்திருப்பதாகத் தோன்றியது. நிலவின் அகலம் அரை பாகை என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். வேறு அலைநீளங்களில் தெளிவான பொருத்தமும் இல்லை. இத்தனைக்கும் அவர்களே ஒரு மாற்று விளக்கத்தையும் முன்வைத்தார்கள்: அருகருகே இரண்டு சாதாரண மூலங்கள் இருந்தாலும் ஃபெர்மிக்கு அது ஒரே பரந்த மூலம்போலத்தான் தெரியும். 1 ஜிஇவி ஃபோட்டானின் திசையை ஃபெர்மி அறிவது முக்கால் பாகைக்கும் சற்று மேலான துல்லியத்தில்தான். கால் பாகை அகலத்தை அதைக்கொண்டு அளப்பது, ஃபோட்டான்கள் போதாத நிலையில், கத்தி மேல் நடக்கிற வேலை.

இந்தத் துறையில் அவசரப்பட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட அனுபவமும் உண்டு. 2012இல் ஃபெர்மி தரவில் 130 ஜிஇவியில் ஒரு கூர்மையான கோடு தெரிவதாக ஆய்வுகள் வந்தன. இரண்டு விம்ப் நேரடியாக இரண்டு ஃபோட்டான்களாக மாறினால் அப்படி ஒரு கோடு வரும். வேறு எந்த வானியல் பொருளும் அதை எளிதில் தராது. உலகமே பரபரத்தது. தரவு கூடி, கருவியின் அளவீடும் மேம்பட்டபின் அந்தக் கோடு மங்கிவிட்டது.

எதுவும் கிடைக்காததையும் கணக்கில் எழுதலாம்

ஒரு துணை ஹாலோவும் பிடிபடவில்லை என்றாலும் கை வெறுங்கையாக இல்லை. அழியும் வேகம் இன்ன அளவு இருந்தால் இத்தனை துணை ஹாலோக்கள் ஃபெர்மிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சிமுலேஷனை வைத்துச் சொல்லலாம். இருபது தெரிந்திருக்க வேண்டும், தகுதியான வேட்பாளர்களோ அதைவிடக் குறைவு என்றால், அந்த வேகம் சாத்தியமில்லை. வேட்பாளர்களைக் கழிக்கக் கழிக்க வரம்பு இறுகுகிறது. அதனால்தான் ஒரு மூலம் பல்சர் என்று நிரூபணமாவது இத்துறையில் தோல்வி அல்ல.

ஆனால் என் பார்வையில் இந்த வரம்புகளைக் குள்ள கேலக்ஸி வரம்புகளுக்கு ஒரு படி கீழேதான் வைக்க வேண்டும். 2015இல் ஃபெர்மி குழு பதினைந்து குள்ள கேலக்ஸிகளின் ஆறு ஆண்டுத் தரவைச் சேர்த்து ஆராய்ந்து, பாட்டம் குவார்க் பாதையில் ஏறக்குறைய 100 ஜிஇவிக்குக் கீழான நிறைகளுக்கு, நாம் முதலில் பார்த்த அந்த இலக்கு வேகத்தையே தொட்டுவிட்டது. அங்கே கரும்பொருளின் அளவு விண்மீன் வேகத்திலிருந்து வருகிறது. இங்கே அது சிமுலேஷனிலிருந்து வருகிறது. சிமுலேஷனை நம்பும் அளவுக்குத்தான் வரம்பையும் நம்பலாம்.

அந்த நம்பிக்கையில் ஓட்டை எங்கே என்றால், துணை ஹாலோக்களின் ஆயுளில். பால்வீதியின் மையத்தருகே வரும் துணை ஹாலோவை ஈர்ப்பின் ஓத விசை (அருகுப் பக்கத்தைத் தொலைப் பக்கத்தைவிடப் பலமாக இழுப்பது) உரித்தெடுக்கிறது. ஆரம்பகால சிமுலேஷன்களில் இல்லாத விண்மீன் தட்டையும் சேர்த்தால் உரிப்பு இன்னும் கடுமை. இதைக் கேட்டால் உட்பகுதியில் ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றும். 2018இல் ஃபிராங்க் வான் டென் பாஷும் சக ஆய்வாளர்களும் வேறு பக்கத்தைக் காட்டினார்கள்: சிமுலேஷனில் துணை ஹாலோக்கள் காணாமல்போவதில் பெரும்பகுதி, கணினித் துகள்கள் போதாததால் வரும் செயற்கையான அழிவு; நிஜத்தில் இறுகிய நடுப்பகுதி தப்பிவிடக்கூடும். காமா கதிர் வருவதே அந்த நடுப்பகுதியிலிருந்துதான். சூரியனுக்கு அருகே எத்தனை துணை ஹாலோ இருக்கின்றன என்ற எண், இந்த விவாதம் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்துப் பல மடங்கு மாறும்.

அவற்றை ஈர்ப்பு மூலமே எண்ண முடிந்தால் இந்தக் குழப்பம் குறையும். அதற்கும் முயற்சி நடக்கிறது. பால்வீதியைச் சுற்றிச் சன்னமான விண்மீன் ஓடைகள் இருக்கின்றன. உருண்டையாகத் திரண்டிருந்து சிதைந்துபோன விண்மீன் கொத்துகளின் மிச்சங்கள் அவை. ஜிடி-1 என்ற ஓடையில் ஓர் இடைவெளியும், பக்கவாட்டில் பிதுங்கிய ஒரு கிளையும் விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா செயற்கைக்கோளின் தரவில் தெளிவாகத் தெரிந்தன. கண்ணுக்குத் தெரியாத, பத்து லட்சம் சூரிய நிறைக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று ஊடுருவிப் போயிருந்தால் இப்படி ஆகும் என்று 2019இல் அனா போனாகாவும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். சிலியில் 2025இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா சி. ரூபின் ஆய்வகம் இதுபோன்ற ஓடைகளையும், இதுவரை தெரியாத குள்ள கேலக்ஸிகளையும் ஏராளமாகக் கண்டறியும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதிக ஆற்றல் பக்கத்தில், ஸ்பெயினின் லா பால்மா தீவிலும் சிலியிலும் கட்டப்பட்டுவரும், காமா கதிர் வளிமண்டலத்தில் மோதி எழுப்பும் ஒளிமின்னலைத் தரையிலிருந்து பார்க்கும் செரென்கோவ் தொலைநோக்கி வரிசை ஆயிரக்கணக்கான ஜிஇவி நிறையுள்ள விம்ப்களைத் தேடும்.

ஒரே ஒரு வேட்பாளரை வைத்து இந்த விவாதம் தீராது என்றே நினைக்கிறேன். எந்த ஒற்றை மூலத்துக்கும் ஒரு பல்சரையோ, இரண்டு மூலங்களின் கலப்பையோ விளக்கமாகச் சொல்லிவிட முடியும். பல்சர்களின் மேடு ஆளுக்கு ஆள் வேறுபடும். வானத்தின் எதிரெதிர்த் திசைகளிலுள்ள இரண்டு பரந்த மூலங்கள், வேறு எந்த ஒளியிலும் தென்படாமல், ஒரே ஆற்றலில் மேடுகட்டி ஒரே ஆற்றலில் முடிந்தால், பல்சர் என்று சொல்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.